பாட்டி சொன்ன போர்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் போர்க்கால நினைவுகளோ பொருள்களோ இருந்தால், அவற்றைப் பற்றிய சந்தேகங்களை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம். பர்மா, மலாயா, ஈழம் என்று கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் பாட்டிக்கு 91 வயது. சின்னப் பிள்ளையாக ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர். பேச ஆரம்பித்தால் நடந்து வந்ததும் கப்பலில் வந்ததும் கலந்து கலந்து வருகிறது. போனில் பதிவு செய்ய நினைக்கிறோம். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?
– வாசகி, வியாசர்பாடி

பாட்டி குழப்பவில்லை. இரண்டு தடவை வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. ஜப்பானியர் நகரத்தைப் பிடித்தது 1942 மார்ச் 8. அதற்குள் கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலேறினார்கள், கிடைக்காதவர்கள் நடந்தார்கள். போர் முடிந்ததும் அதே குடும்பங்களில் பல மறுபடி பர்மாவுக்கே போய்க் கடை வைத்தன. 1962-ல் பர்மா ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, கடைகள் அரசுடைமையாக, 1964 முதல் மறுபடி கப்பல். பாரிமுனையில் பர்மா பஜார் முளைத்தது இந்த இரண்டாவது வருகையால்தான். ஆகவே கதை கலந்து வரும்போது திருத்தாதீர்கள். அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஐம்பது, நூறு கியாட் (பர்மா பணம்) நோட்டு செல்லாமல் போன பேச்சு வந்தால் அது 1964 மே. ஆகாயத்தில் ஏரோப்ளேன், பள்ளத்தில் பதுங்கியது என்று வந்தால் 1942.

எந்த வழியாக நடந்தார் என்பதற்கும் ஒரு சுலபமான கேள்வி உண்டு: "ரயில் எங்கே ஏறினீங்க?" சிட்டகாங் என்றால் புரோம், டாங்குப் வழியாக அரக்கான் மலையைத் தாண்டிக் கடலோரம் வந்தவர்கள். திமாப்பூர் என்றால் பர்மாவின் சிண்ட்வின் ஆற்றைக் கடந்து, டாமு, இம்பால் வழி. அந்த ஸ்டேஷனுக்கு அப்போது பெயர் மணிப்பூர் ரோடு, பாட்டி அப்படியும் சொல்லலாம். லேடோ, தின்சுகியா என்றால் ஹுகாங் பள்ளத்தாக்கு. மே, ஜூன் மழையில் சேற்றிலும் அட்டையிலும் மாட்டிக்கொண்டு கடைசியாக வந்தவர்களின் வழி அது, எல்லாவற்றிலும் கொடியது. வெள்ளைக்காரருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு ஒரு பாதை என்று முகாம்களில் பிரித்ததாக அப்போதே பெரிய புகார் கிளம்பியது. "வழியில் யாராவது நிறுத்தி வேற பக்கம் போகச் சொன்னாங்களா?" என்று கேட்டு வையுங்கள்.

"உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "ரொம்பக் கஷ்டம்மா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பொருளைக் கேளுங்கள், ஆளைக் கேளுங்கள். மூட்டையில் என்ன இருந்தது, தண்ணீர் எதில் மொண்டீர்கள், காலில் செருப்பு இருந்ததா, சின்னப் பிள்ளையை யார் தூக்கினார்கள், ராத்திரி எங்கே படுத்தீர்கள், அரிசி தீர்ந்தபோது என்ன தின்றீர்கள். பிறகு, யார் யார் கிளம்பினீர்கள்? வேறொரு நாளில், யார் யார் வந்து சேர்ந்தீர்கள்? இரண்டையும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கழித்துப் பார்க்கிற வேலையைப் பாட்டியிடம் விடாதீர்கள்.

தேதி கேட்டாலும் வராது. "தீபாவளிக்கு முன்னயா பின்னயா", "மழை புடிச்சிருச்சா" என்று கேட்டால் வரும். தமிழ் வருடம் சொன்னால் இன்னும் நல்லது. 1942 ஏப்ரல் நடுவில் விசு முடிந்து சித்திரபானு பிறந்தது. ஒரே வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்பதால் வயதை வைத்துச் சரிபார்த்துவிடலாம்.

பதிவைக் கெடுப்பது மின்விசிறியும் குக்கர் விசிலும்தான். சென்னையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேச வேண்டுமானால் விடிகாலை ஆறிலிருந்து எட்டுக்குள், முடிந்தால் மார்கழி, தை மாதங்களில். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். வெறும் மேசை மேல் வைத்தால் டம்ளர் வைக்கிற ஓசைகூட இடி மாதிரி விழும். பத்து விநாடி பேசிப் பதிந்து, போட்டுக் கேட்ட பிறகு தொடங்குங்கள். முதல் வரியாகத் தேதி, இடம், பாட்டியின் முழுப்பெயர், கேட்பவர் பெயர் ஆகியவற்றைச் சொல்லுங்கள். ஒரு அமர்வு முக்கால் மணி நேரம் போதும். மறுநாள் தொடரும்போது அதே கதை வேறு மாதிரி வந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் இறக்கும்போது பாட்டியின் பேச்சைச் செந்தமிழாக்க வேண்டாம். கோப்பை வாட்ஸாப்பில் ஆடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடலாம், டாக்குமெண்டாக அனுப்புங்கள். கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் ஒன்று என்று மூன்று பிரதிகள் வேண்டும்.

தாத்தாவின் பதக்கங்கள் நாலு இருக்கின்றன. கறுத்துப் போய்விட்டன. பீதாம்பரி போட்டுத் துலக்கலாமா? தாத்தா எந்தப் போரில் இருந்தார் என்றே யாருக்கும் தெரியவில்லை.
– வாசகர், அம்பத்தூர்

பீதாம்பரி, பிராஸோ, புளி, சாம்பல் எதுவும் வேண்டாம். வட்டப் பதக்கங்களின் விளிம்பில் பெரும்பாலும் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறித்திருக்கும். தேய்க்கத் தேய்க்க முதலில் போவது அந்த எழுத்துதான், தாத்தாவின் சரித்திரமே அந்த ஒரு வரியில் இருக்கிறது. உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, பழைய வேட்டித் துணியால் ஒற்றினால் போதும். ரிப்பனை நனைத்தால் சாயம் கலந்துவிடும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். துவைத்த பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள்.

எழுத்தைப் படிக்க, டார்ச்சை விளிம்புக்குச் சாய்வாகப் பிடித்துப் போட்டோ எடுத்துப் பெரிதாக்குங்கள். நேர் வெளிச்சத்தில் எழுத்து தெரியாது.

எந்தப் போர் என்பது உருவத்திலேயே தெரியும். குதிரை மேல் வீரன் இருக்கும் வட்டப் பதக்கம் முதல் உலகப் போருடையது. அது வெள்ளியாக இருந்தால் சிப்பாய். அதே உருவம் வெண்கலத்தில் இருந்தால் தொழிலாளர் படையோ படைக்குத் துணைபோன ஊழியரோ என்று பொருள். ஆறு முனை நட்சத்திரம் இரண்டாம் உலகப் போர். பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் என்று எங்கே போனார் என்பதை அதிலேயே எழுதியிருப்பார்கள். இந்திய வரைபடம் உள்ள பதக்கம் அதே போரில் இந்தியப் படையில் பணியாற்றியதற்கு. சமர் சேவா ஸ்டார் 1965 பாகிஸ்தான் போருக்கு உரியது. பூர்வி ஸ்டார் 1971-ல் கிழக்கு முனை, பஸ்சிமி ஸ்டார் மேற்கு முனை.

விளிம்பில் எஸ்.பி.ஆர். என்று ஆங்கில எழுத்து இருந்தால் சேப்பர், அதாவது பொறியாளர் படைச் சிப்பாய். மதராஸ் சேப்பர்கள் என்றால் ஆவணம் தேடவேண்டிய இடம் பெங்களூரில் உள்ள மதராஸ் பொறியாளர் படைத் தலைமையிடம். மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மதராஸ் காலாட்படைப் பிரிவுகளை 1920-களில் கலைத்துவிட்டு இரண்டாம் போரின்போதுதான் மறுபடி எழுப்பினார்கள். அதனால் அந்தப் போருக்குப் போன நம்மூர்க்காரர்களைப் பாலம் போட்ட சேப்பர், லாரி ஓட்டிய சப்ளை கோர், ஆஸ்பத்திரிப் படை, பயனீர் படை ஆகியவற்றில் தேடுவதும் அவசியம். "தாத்தா துப்பாக்கியே பிடிக்கலையாம்" என்று சில வீடுகளில் வருத்தப்படுகிறார்கள். பாலம் இல்லாமல் எந்தப் படையும் ஆற்றைத் தாண்டியதில்லை.

ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதும்போது எண், பெயர், படைப்பிரிவு, உங்கள் உறவுக்கான சான்று ஆகியவற்றை இணைத்து, நகலை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கொடுங்கள். எண் இல்லாத மனு பெரும்பாலும் கிணற்றில் போட்ட கல்தான்.

தாத்தாவின் சகோதரர் யாராவது போரில் இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். உயிரோடு திரும்பியவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் கணக்கில் வருவார்கள். போர் முடிந்து முகாமில் காய்ச்சலில் இறந்தவரும் இதனால் அகப்படலாம். தேடலில் தடுக்குவது பெயரின் எழுத்துக்கூட்டல். ராமசாமியை ஐந்தாறு விதமாக எழுதியிருப்பார்கள், முதலெழுத்தும் இருக்காது. அதனால் எண்ணைக் கொண்டு தேடுங்கள். எண் இல்லையென்றால் கூடுதல் விவரப் பகுதியில் ஊரை, அந்தக் காலத்து ஆங்கிலப் பெயரில்: டிரிச்சினாபோலி, டூட்டிகோரின், நார்த் ஆர்க்காட், சிங்கிள்புட். "இன்னார் மகன், இன்னார் கணவன், இன்ன ஊர்" என்று பல பதிவுகளில் உண்டு. இறந்த தேதி சிங்கப்பூர் சரணடைந்த 1942 பிப்ரவரி 15 என்று இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். அந்தக் குழப்பத்தில் ஒவ்வொரு சாவையும் யாரும் பக்கத்தில் நின்று குறித்திருக்க முடியாது.

நினைவு நிகழ்ச்சிக்குப் பேரன் பேத்திகள் பதக்கம் அணிவதானால் வலது மார்பில். இடது மார்பு பதக்கம் வாங்கியவருக்கு உரியது.

கொள்ளுத்தாத்தா மலாயா எஸ்டேட்டில் இருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடப் போனவர், திரும்பவில்லை. போர்க் கல்லறை இணையதளங்களில் தேடியும் பெயர் இல்லை. திதி கொடுக்க நாளும் தெரியாது.
– வாசகர், பெரம்பூர்

பெயர் இருக்காது, நீங்கள் தேடியதில் பிழை இல்லை. போர்க்கைதிகளாக வேலை செய்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் படை எண் இருந்தது, முகாமில் பெயர்ப்பட்டியல் இருந்தது, பிறகு காஞ்சனபுரியில் வரிசையாகக் கல்லும் நட்டார்கள். எஸ்டேட்டிலிருந்து போன தமிழருக்கும் பர்மியருக்கும் ஜாவாக்காரருக்கும் அப்படி ஒன்றும் இல்லை. 1942-லிருந்து 1943 அக்டோபர் வரை தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் ஜப்பானியர் போட்ட பாதை அது. ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர், இறந்தவர் 90,000 அளவில் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. கைதிகளோடு அவர்களுடைய படை டாக்டர்கள் இருந்தார்கள், கூலிகளுக்குப் பெரும்பாலும் டாக்டர் கிடையாது. காலரா, மலேரியா, சீதபேதி, காலில் அழுகிய புண். 1943 மழைக்காலத்தில் காலரா புகுந்த முகாம்களில் பிணத்தை எரிக்கவே ஆள் போதவில்லை.

ஆகவே ஆளைத் தேடுவதை விட்டு எஸ்டேட்டைத் தேடுங்கள். எஸ்டேட் பெயர், பக்கத்து ரயில் ஸ்டேஷன், கங்காணியின் பெயர், கூடப் போனவர்களின் ஊர். இந்த நாலில் இரண்டு கிடைத்தாலும் அதே எஸ்டேட்டின் வேறு குடும்பங்களைக் கண்டுபிடிக்கலாம், உங்களுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆள்கட்டி அனுப்புவதை இந்திய அரசு 1938 ஜூனில் நிறுத்தியது. கூலியாகப் போயிருந்தால் அதற்கு முன்பே போயிருக்க வேண்டும். பெட்டியில் ஜப்பான் நோட்டு இருந்தால் எண் இருக்குமிடத்தில் முதல் எழுத்தைப் பாருங்கள். எம் என்றால் மலாயாவுக்கு அடித்தது, பி என்றால் பர்மாவுக்கு. காஞ்சனபுரியிலோ ரங்கூனிலோ உள்ள போர்க் கல்லறைகளில் அவரைத் தேடிப் பணம் செலவழித்துப் போக வேண்டாம். போகத்தான் வேண்டுமென்றால் பாதையைப் பார்க்கப் போங்கள், ரயில் இன்னும் கொஞ்ச தூரம் ஓடுகிறது.

திதிக்கு வழக்கத்தில் இடம் இருக்கிறது. மாதம் மட்டும் தெரிந்தால் அந்த மாதத்து அமாவாசையில் கொடுக்கும் குடும்பங்கள் உண்டு. மாதமும் தெரியாவிட்டால் ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை ஆகிய மூன்றில் ஒன்று. உங்கள் வீட்டுப் புரோகிதரிடம் "இறந்த நாள் தெரியாது, இறந்தது உறுதி" என்று தெளிவாகச் சொல்லுங்கள். காணாமல் போனவர் என்று சொன்னால் முறை மாறும். கிறிஸ்தவக் குடும்பமானால் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். எந்த நாளை வைத்தாலும் அவர் பெயரை அடுத்த தலைமுறைக்கு எழுதிக் கொடுங்கள். இவர் விஷயத்தில் வேறெங்கும் எழுத்தில் இல்லை.

மெட்ராஸில் குண்டு போட்டது ஜெர்மன்காரன் என்று பெரியப்பா, ஜப்பான்காரன் என்று அத்தை. கல்யாண வீட்டில்கூடச் சண்டை. யார் சொல்வது சரி?
– வாசகர், மயிலாப்பூர்

இருவருமே. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் கடலில் நின்று சுட்டது. 100-க்கு மேல் குண்டுகள். துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஹைகோர்ட் வளாகச் சுவரில் குண்டு பட்ட இடத்தில் கல்வெட்டு இருக்கிறது. அது தமிழுக்கு ஆனந்த வருடம்.

1942 ஏப்ரல் வேறு கதை. 5-ஆம் தேதி கொழும்பு, 6-ஆம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் ஜப்பான் விமானங்களிடம் அடி வாங்க, அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரே காலியானது. மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சிசாலையில் குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம், புலிகளைச் சுட்டே கொன்றார்கள். ஆனால் அந்த ஏப்ரலில் நகரத்தில் குண்டு விழவில்லை. 1943 அக்டோபரில் தனியாக வந்த ஒரு ஜப்பான் விமானம் துறைமுகப் பக்கம் போட்டுவிட்டுப் போனது.

வீட்டுக்கதை எதைச் சேர்ந்தது என்று பிரிக்க ஒரு வழி: ஜன்னலுக்குக் கறுப்புத் தாள், தெருவிளக்குக்கு மூடி, சைரன், பதுங்கு பள்ளம் என்று வந்தால் ஜப்பான் காலம். ராத்திரி வானம் சிவந்தது, எண்ணெய் எரிந்த நாற்றம் என்றால் எம்டன். வண்டி கட்டிக்கொண்டு ஊருக்கு ஓடியது மட்டும் இரண்டுக்கும் பொது. அத்தையின் அம்மா 1914-ல் பிறந்தே இருக்காவிட்டால், எம்டன் கதையை அவர் தன் அம்மாவிடமிருந்து வாங்கியிருக்கிறார். அப்படியே குறித்து வையுங்கள், "கேட்டது" என்று.

மிக்ஜாம் வெள்ளத்தில் ஆல்பம் நனைந்து, பட்டாளத்துத் தாத்தாவின் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒரு படம் பிரேம் கண்ணாடியோடே ஒட்டியிருக்கிறது.
– வாசகி, வேளச்சேரி

கண்ணாடியோடு ஒட்டியதைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். உரித்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். பிரேமை மட்டும் கழற்றி, கண்ணாடியோடே ஸ்கேனரில் கவிழ்த்து 600 டிபிஐ-யில், டிஃப் கோப்பாக எடுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னலோரம், பிளாஷ் இல்லாமல், கறுப்புத் துணியை முன்னால் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தால் பிரதிபலிப்பு விழாது.

ஒன்றோடொன்று ஒட்டியவை பழைய ஸ்டூடியோ கறுப்பு-வெள்ளைப் படங்களா என்று பாருங்கள். அப்படியானால், தெரிகிற பக்கத்தை முதலில் படமெடுத்துவிட்டு, குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள், பெரும்பாலும் தானே நழுவி வரும். வராவிட்டால் இழுக்காமல் இன்னும் கொஞ்சம் ஊறட்டும். படப்பக்கத்தை விரலால் தொடக்கூடாது, ஈரத்தில் அது ஜெல்லி. முகம் மேல்பக்கமாக, நிழலில், வெள்ளைத் துணி மேல் காயட்டும். வெயிலில் வைத்தால் சுருளும். கையால் வண்ணம் தீட்டிய படம், மையில் எழுதிய படம், கணினி பிரிண்டரில் எடுத்த படம் ஆகியவற்றை ஊறப்போடாதீர்கள், கரைந்துவிடும்.

அடுத்த வெள்ளத்துக்கு இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: நனைந்த படங்களை இரண்டு நாளுக்குள் காயவைக்க முடியாவிட்டால், நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். பூஞ்சை பிடிக்காது, கரண்ட் இருக்கிற வரை. பசை தடவிய பக்கங்களுள்ள ஆல்பத்தில் மறுபடி ஒட்டாதீர்கள். லேமினேஷனும் வேண்டாம். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரையில் ஊர் இருக்கும், தாத்தா எங்கே இருந்தார் என்பதற்கு அதுவும் சாட்சி. பெயர் எழுத மென்மையான பென்சில், ஓரத்தில் லேசாக.

மே 18-க்கு எங்கள் குடியிருப்பில் ஐம்பது பேருக்கு முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுக்க நினைக்கிறோம். அளவு சொல்ல முடியுமா? தேங்காய்ப்பால் சேர்க்கலாமா?
– வாசகி, வளசரவாக்கம்

ஒரு கிலோ அரிசிக்குப் பத்து முதல் பன்னிரண்டு லிட்டர் தண்ணீர். தலைக்கு 200 மில்லி வீதம் ஐம்பது பேருக்குச் சரியாக இருக்கும். பச்சரிசியோ குத்தரிசியோ, கழுவி அரை மணி ஊறவைத்து, கொதிக்கும் நீரில் போட்டு, குழைய வேகவிடுங்கள். அடிபிடிப்பதுதான் பெரிய தொல்லை. அகலமான பாத்திரம், நடுத்தரத் தீ, அடிவரை போகும் நீளக் கரண்டி. உப்பு கடைசியில், 60 கிராம் போட்டு ருசி பார்த்து மேலே கூட்டுங்கள். ஆற ஆறக் கஞ்சி இறுகும், இரண்டு லிட்டர் வெந்நீர் தனியே இருக்கட்டும்.

தேங்காய்ப்பால் சிலர் சேர்க்கிறார்கள். எங்கள் யோசனை, வேண்டாம். 2009-ல் ஈழப் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்கால் கடற்கரைத் துண்டில் சனத்துக்குக் கிடைத்தது அரிசியும் தண்ணீரும் உப்பும்தான், சில நாள் உப்பும் இல்லை. தாளிப்பு, மோர், ஊறுகாய் என்று சேர்த்தால் அது ஆடிக்கூழ் ஊற்றுவது போல ஆகிவிடும். தவிர, மே மாத சென்னை வெயிலில் தேங்காய்ப்பால் ஊற்றிய கஞ்சி சீக்கிரம் புளித்துவிடும். வெறும் கஞ்சியையே இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்து முடியுங்கள். சிரட்டையில் கொடுப்பதானால் முந்தின நாளே நாரைச் சுரண்டி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, காயவையுங்கள். தேங்காய் எண்ணெய் வாசம் வந்தால் இன்னொரு கொதி.

வயதானவர்களுக்குக் கையில் சிரட்டை வந்ததும் அழுகை வரலாம், வாங்காமலே போகவும் செய்யலாம். ஏன் என்று யாரும் கேட்க வேண்டாம் என்று பரிமாறுகிற பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். கடற்கரை, சாலை ஓரம் என்றால் போலீஸ் அனுமதி வேண்டும், மொட்டைமாடியோ கோயில் மண்டபமோ போதும். தடைசெய்யப்பட்ட அமைப்பின் கொடி, சின்னம் எதுவும் வைக்காதீர்கள். இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பதானால், காணாமல் போனவரின் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்கும் முன் அவர் வீட்டாரைக் கேளுங்கள். பதினைந்து வருடம் தாண்டியும் காத்திருக்கும் தாய்மார் இருக்கிறார்கள்.

ஜனவரி 30 காலை 11 மணிக்கு ஆபீஸில் எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். டிசம்பரில் கொடி விற்கிறார்கள். இரண்டும் ஒன்றா?
– வாசகர், தி.நகர்

வேறு வேறு. ஜனவரி 30 காந்தி சுடப்பட்ட நாள், விடுதலைக்காக உயிர் கொடுத்த எல்லோருக்குமாக இரண்டு நிமிட மௌனம். டிசம்பர் 7 படைவீரர் கொடி நாள், 1949 முதல் நடக்கிறது. வசூல் முன்னாள் படைவீரர், போரில் கணவரை இழந்தவர்கள் ஆகியோரின் நலனுக்குப் போகிறது. ரசீது கேட்டு வாங்குங்கள்.

நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?
– ஆசிரியை, போரூர்

தாராளமாக. மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் இருக்கிறது. 1952-ல் அமைத்தது. பல ஊர்களில் சிதறிக் கிடந்த கல்லறைகளைப் பராமரிக்க முடியாமல் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். இரண்டாம் போரில் இறந்தவர்கள் 850-க்கு மேல். முதல் போரில் இறந்து வேறு இடங்களில் புதைந்தவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்கள் தனி நினைவுச் சின்னத்தில் உள்ளன. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு கல்தான், இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். கல்லில் அகல் ஏற்ற வேண்டாம், எண்ணெய்க் கறை போகாது. சாக்பீஸ் தடவி எழுத்தைத் தெளிவாக்கவும் வேண்டாம். சாய்வெயில் நேரத்தில் போனால் எழுத்து தானே தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கல்லைக் கொடுத்து, வயதைக் குறித்து வரச் சொல்லுங்கள். 19, 20, 22 என்று திரும்பி வருவார்கள்.

அப்பா இந்திய அமைதிப்படையில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். என் மனைவி யாழ்ப்பாணத்துப் பெண், மாமியார் அந்த நாட்களில் அங்கேதான் இருந்திருக்கிறார். பிளஸ் ஒன் படிக்கும் மகள் இருவரிடமும் கேட்டு எழுதப்போகிறேன் என்கிறாள். வீட்டில் இருபது வருடமாகப் பேசாத பேச்சு. தடுக்கலாமா?
– வாசகர், மந்தைவெளி

தடுக்காதீர்கள், ஆனால் இருவரையும் ஒரே சோபாவில் உட்காரவைத்துக் கேட்கவிடாதீர்கள். வேறு நாள், வேறு அறை, ஒரே கேள்விப் பட்டியல். முதலில் மகள் பொதுவான தேதிகளைத் தெரிந்துகொள்ளட்டும்: இந்தியா–இலங்கை ஒப்பந்தம் 1987 ஜூலை 29, புலிகளோடு சண்டை தொடங்கியது அக்டோபர், கடைசிப் படை கப்பலேறியது 1990 மார்ச். இந்தியப் படையில் இறந்தவர்கள் 1,100-க்கு மேல். சாலிகிராமத்தில் பரமேஸ்வரன் விஹார் என்று பெயர் வைத்திருப்பது 1987 நவம்பர் 25-ல் இலங்கையில் இறந்து பரம்வீர் சக்கரம் பெற்ற மேஜர் பரமேஸ்வரனின் பெயரைத்தான். அதே ஆண்டு அக்டோபர் 21, தீபாவளி சமயத்தில், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை சுட்டதில் நோயாளிகளும் டாக்டர்களும் தாதிகளும் இறந்தார்கள். இரண்டையும் தெரிந்துகொண்டு போனால், யார் எதைச் சொன்னாலும் முகம் மாறாமல் கேட்க முடியும். வீட்டில் தீபாவளியன்று மாமியார் ஏன் வெளியே வருவதில்லை என்பதுபோல் ஏதாவது இருந்தால் அதற்கும் விடை கிடைக்கலாம்.

தாத்தாவிடம் தொடங்க நல்ல இடம் பதக்கம். ஸ்ரீலங்கா என்ற பட்டையோடு விதேஷ் சேவா மெடல் இருக்கும். பிறகு சாப்பாடு, தண்ணீர், காவல், வீட்டுக்கு எழுதிய கடிதம். அம்மம்மாவிடம் தொடங்க நல்ல இடம் வீடு: எத்தனை தரம் இடம்பெயர்ந்தார்கள், பங்கரை யார் வெட்டியது, எதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஒருவர் பதிவை இன்னொருவருக்கு அனுமதி இல்லாமல் போட்டுக் காட்டக் கூடாது. இதில்தான் இத்தகைய முயற்சிகள் பெரும்பாலும் முறிகின்றன, அதுவும் நல்லெண்ணத்தால். எழுதும்போது இரண்டையும் கலந்து ஒரே கதையாக்காமல், இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், நடுவில் தேதி என்று வைக்கட்டும். முடித்ததும் அவரவர் பகுதியை அவரவரிடம் வாசித்துக் காட்டி, எடு என்றதை எடுத்துவிடட்டும்.

கடிதங்கள், பதிவுகள் எல்லாம் சேர்ந்துவிட்டன. எங்கே கொடுத்துவைப்பது?
– வாசகி, புரசைவாக்கம்

முதலில் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பட்டியல் போடுங்கள். பட்டியல் இல்லாத பெட்டியை எந்த நூலகமும் தயங்கித்தான் வாங்கும். தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் கேட்டுப் பாருங்கள். கொடுப்பதானால் மூலமா நகலா, யார் பார்க்கலாம், அச்சிட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள். உயிரோடு இருப்பவரின் பதிவு என்றால் அவர் கையெழுத்தும் வேண்டும்.